பசியாறியாச்சா என்று கேட்காத வீடு

“...முன்னெல்லாம் பட்டப்பகல்லயே உள்ள லைட்டு போடணும் லா, இவ வாசல்ல வந்து நின்னா. இப்ப பாரு மருமகனே, இவ நின்னாலும் வெயில் ஊடால வருது!”

அத்தை சொல்லி முடிப்பதற்குள் நான் சிரித்துவிட்டேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் என்னை நல்லவனாக்கி எழுதிவிடுவேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. பாகான் செராயிலிருந்து, வருகிறேன் என்று ஒரு போன்கூடப் போடாமல் வந்து, செமோரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரில் என் தங்கை. அவள் முன்னால் இரண்டு தோசையும் தேங்காய்ச் சட்னியும் வைத்திருந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஒன்றரைத் தோசை உள்ளே போயிருந்தது. பாதி பாக்கி.

தங்கைக்கு முப்பத்தொரு வயது. கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை, தனி அறை. சாப்பாட்டைக் கண்டு பயப்படுகிற நோய் அவளைப் பிடித்தது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததுகூடப் பரவாயில்லை, அவள் இளைக்க இளைக்க நாங்கள் பாராட்டினோம். தீபாவளிக்கு வந்தவளிடம், “என்ன ரகசியம், எனக்கும் சொல்லு” என்று கேட்டவன் நான்தான். அப்புறம் வேலையிடத்தில் மயங்கி விழுந்து, ஈப்போவில் ஆஸ்பத்திரி வார்டில் மூன்று வாரம் கிடந்தாள்.

என்னோடு அனுப்பும்போது டாக்டரம்மா கறாராகச் சொன்னார். “மூனு வேளையும் கூட உக்காருங்க. தட்டு காலியாகுற வரைக்கும் எதையாவது பேசிக்கிட்டே இருங்க. சாப்பாட்டப் பத்தியும் ஒடம்பப் பத்தியும் மட்டும் ஒரு வார்த்தை வேணாம். வெள்ளிக்கிழம எடை எறங்கியிருந்தா திரும்ப வார்டுதான்.”

வார்டு என்றதும் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

பேசுவதா கஷ்டம்? நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். என் வாய் ஓய்ந்தால் வேன் நின்றுவிட்டதோ என்று பிள்ளைகள் எட்டிப் பார்ப்பார்கள். யார் எதை வேடிக்கையாகச் சொன்னாலும் பிடித்து வைத்துக்கொண்டு நாலு பேரிடம் சொல்வேன். அந்தச் சரக்கில் பாதி அத்தையின் வாயிலிருந்து வந்தது.

முதல் நாள் காலையிலேயே மாட்டிக்கொண்டேன். “பசியாறியாச்சா?” என்பதுதான் இங்கே மலேசியாவில் எங்களுக்குக் காலை வணக்கம். அது ஆகாது. சரி, வேறு பேசலாம் என்று வேலையைப் பற்றி ஆரம்பித்தேன். சம்பளத்துக்கு உழைப்பதை மலாயில் மக்கான் காஜி என்போம், சம்பளம் தின்பது. ஊர் சுற்றப் போவது மக்கான் ஆங்கின், காற்றுத் தின்பது. மனசுக்குள் புழுங்குவது மக்கான் ஹாத்தி, நெஞ்சைத் தின்பது. தமிழுக்குத் தாவினால் அங்கேயும் ஒருத்தன் லஞ்சம் தின்கிறான், இன்னொருத்தன் மூளையைத் தின்கிறான். நான் ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்த பேச்சு முழுக்க மென்று துப்பிய எச்சில் மாதிரி இருந்தது.

“அண்ணே, நீ வாயத் தொறந்தாலே சோத்து வாடதான்” என்றாள் தங்கை.

கடைசியில் லாரிகளின் நம்பர் பிளேட்டைப் பற்றிப் பேசினேன். ஈப்போ சாலையில் பார்த்த நம்பர்களை ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே இட்லியைப் பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மழை. தொங்கிய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பையில் கையை விட்டேன். கொழகொழவென்று ஏதோ விரலில் ஒட்டியது. தங்கை டிஷ்யூவில் சுற்றி ஒளித்து வைத்த சோறு, மூன்று நாள் பழசு, பூசணம் பிடித்திருந்தது. எறும்பு என் மணிக்கட்டில் ஏறியது. கால்வாய் ஓரம் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து, கையை எத்தனை முறை கழுவியும் நாற்றம் போகாத ஆத்திரத்தில், “அசிங்கம்!” என்று கத்திவிட்டேன். சோற்றைத்தான் சொன்னேன். அவள் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி நம்பர் பிளேட் எதுவும் பலிக்கவில்லை.

புதன்கிழமை மன்னிப்புக் கேட்டேன். “பையப் பாத்துட்டுக் கைய விடுண்ணே” என்றாள். கொஞ்சம் சிரித்தாள். அன்று மூன்று வேளையும் தட்டு காலி.

வியாழக்கிழமை காலையில்தான், எடை பார்க்க ஒரு நாள் இருக்கையில், அத்தை வந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சொந்தக்காரர்களிடமெல்லாம் கேஸ்ட்ரிக் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். பெண் சாப்பிட மாட்டேன் என்கிறாள், அதற்கு ஆஸ்பத்திரி என்று சொல்ல எனக்கு வெட்கம். என் வெட்கத்தை நினைத்தால் அந்த மழைக்கோட்டுப் பை தேவலாம் போலிருக்கிறது.

அதனால் அத்தை தாராளமாகப் பேசினார். லைட்டு, வாசல், வெயில். நான் சிரித்தேன். நல்ல பேச்சைக் கேட்டால் என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு சிரிப்பதில்லை.

தங்கை அத்தையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். விரலிடுக்கில் இருந்த தோசைத் துண்டைத் தட்டில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் கொஞ்சந்தான்மா” என்றேன். அதுவும் சொல்லக்கூடாத பேச்சுதான்.

“அவள ஏன்டா வம்பு பண்ற? கேஸ்ட்ரிக்குன்னாலும் நல்ல வேலதான் செஞ்சிருக்கு, விடுவியா” என்றார் அத்தை. தட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பாதித் தோசையால் சட்னியை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினார்.