யார் தோட்டத்துக் கட்டில்?

போன வாரம் என் தங்கை அஞ்சலைக்குப் பிரசவ வலி. கிள்ளான் டவுனிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் ரப்பர் தோட்டத்து லோரியில் ஏற்றி, மேரு ரோட்டில் மூன்று தோட்டங்களுக்கும் பொதுவாக இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கொண்டுவந்து எங்கே போட்டிருந்தார்கள் தெரியுமா? பெண்கள் வார்டில், சிமெண்டுத் தரையில். பாய்கூட அவள் கொண்டுவந்ததுதான்.

பக்கத்திலேயே கட்டில்கள் சும்மா கிடந்தன!

எனக்கு ரத்தம் கொதித்தது. வார்டில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரைப் பிடித்தேன்.

"ஏன்யா, கட்டில் காலியாத்தானே இருக்கு?"

"அது மேட்டுத் தோட்டத்துக் கட்டில், அண்ணே. ஒங்க தங்கச்சி ஆத்தோரத் தோட்டம். அந்தத் தோட்டத்து வரிசை முழுக்கக் காய்ச்சக்காரிங்க. நான் என்ன செய்யிறது?"

"மேட்டுத் தோட்டத்துலேருந்து எவளாச்சும் வந்து நிக்கிறாளா இப்ப?"

"இப்ப இல்ல... வந்துட்டா?"

இந்தக் கூத்து விளங்கக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். முன்பு மூன்று தோட்டங்களுக்கும் தனித்தனி ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்பது மரியாதைக்குச் சொல்வது — அத்தாப்பு ஓலைக் கொட்டகை, காய்ச்சலுக்குக் கொயினா மருந்து, ஒரு டிரஸ்ஸர். பிழைத்தவன் தன் ஆயுசு கெட்டியாக இருந்ததால் பிழைத்தான். சர்க்கார் நெருக்கியது. தோட்டத்துத் துரைமார் கூடிப் பேசினார்கள். கொட்டகைகளைப் பிரித்துவிட்டு, ஓடு போட்ட ஒரே கட்டடம் எழுப்பினார்கள். பெரிய டாக்டர் காரில் வருகிறார். நாலாவது தோட்டமும் சேரப் போகிறதாம். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது?

ஆனால் ஒவ்வொரு தோட்டமும் தன் கட்டில்களைத் தானே கொண்டுவந்து, தனி வரிசையாகப் போட்டுக்கொண்டது. டிரஸ்ஸர்மாரும் அந்த வரிசைகளுக்குக் காவல் நின்றார்கள். சுவர் ஒன்றானது. புத்தி?

நானும் டிரஸ்ஸரும் கத்திக்கொண்டிருக்கும்போதே அஞ்சலை சுவரைப் பிடித்து எழுந்தாள். மேட்டுத் தோட்டத்துக் கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள்.

"அண்ணே, ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்க. மருத்துவச்சிய உள்ள அனுப்புங்க."

போனோம். பெண் குழந்தை. இருவரும் சுகம்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் வந்தார். டிரஸ்ஸர் முந்திக்கொண்டு புகார் சொன்னார். டாக்டருக்குத் தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் வரும்.

"ஏம்மா, ஒன் எடம் அங்க. இங்க ஏன் படுத்தே?"

"பாருங்க தொரை, நான் ஆத்தோரத் தோட்டம். புள்ள மேட்டுத் தோட்டத்துக் கட்டில்ல பொறந்துருச்சு. என்னைய அங்க மாத்தணும்னா மாத்துங்க, அது இங்கயே கெடக்கட்டும்... அது பசிச்சு அழுதா மட்டும் யாராச்சும் வந்து கூப்புடுங்க."

காய்ச்சலில் கிடந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. டிரஸ்ஸரைத் திரும்பிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் வரிசைகள் கலைந்தன. காலிக் கட்டில் எதுவோ, அது வருகிறவர்களுக்கு.

இதைச் சொல்ல ஒருத்தி பிள்ளை பெற வேண்டியிருந்தது. நமக்கெல்லாம் வாய் எதற்கு?