எலுமிச்சம்பழம் நசுக்கிய கிளச்

என் மனைவிக்குக் கல்வராயன் மலையில் டீச்சர் வேலை கிடைத்தது. எங்கள் பழைய டீசல் காரின் எஞ்சினில் கை வைக்க எனக்கு ஒரு சாக்குக் கிடைத்தது. வீடு கள்ளக்குறிச்சியில். தினமும் அவளே காரை ஓட்டிப் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடுவதாகத் திட்டம். அது சரிவரவில்லை என்றால் மலையிலேயே ரூம் எடுத்துத் தங்கி, சனிக்கிழமைதான் வருவாள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது. இதை அவளிடம் சொல்லவில்லை. மலை ஏற எஞ்சினுக்குப் பலம் கூட்டப் பெரிய டர்போ போடப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஊர் மெக்கானிக்கும் நானுமாகப் போட்டோம். அந்தப் பலத்துக்கு ஏற்றபடி எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி ரீமேப்பும் செய்தோம். கச்சிராயபாளையம் ரோட்டில் முதல்முறை மிதித்தேன் பாருங்கள், அடேங்கப்பா! முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் கரும்புக்கொல்லை பின்னால் பறந்தது. அதே வண்டிதானா இது? எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிக்காதீர்கள். இன்னொரு முறை மிதித்தேன். எஞ்சின் கத்தியதே தவிர வேகம் ஏறவில்லை. கருகல் நாற்றம் வேறு. புது பலத்தைத் தாங்க முடியாமல் பழைய கிளச் வழுக்கிவிட்டது.

மெக்கானிக் அந்த கிளச் பிளேட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இல்லை. எஞ்சினில் பிறக்கும் பலம் அத்தனையும் இந்த வட்டத்தைத் தாண்டித்தான் சக்கரத்துக்குப் போகிறது! இத்தனை வருஷம் கார் ஓட்டியும் ஒரு நாள்கூட இதை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

"ரேஸ் வண்டிக்குப் போடறது ஒண்ணு இருக்குதுண்ணே. செம்புக் கட்டி வெச்சது. புடிச்சா வுடாது" என்றார்.

"அதான்யா வேணும்!"

எங்கள் பக்கத்தில் வண்டிக்குப் பெரிய வேலை பார்த்தால் பூஜை போடாமல் மலை ஏற்ற மாட்டோம். மலையடிவாரக் கோயிலில் நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி மெல்ல நகர்ந்து அவற்றை நசுக்க வேண்டும். மனைவி ஏறி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிளச் பெடலை அமுக்கினாள். விட்டதும் கிளச் வெடுக்கென்று பிடித்து, வண்டி தவளை மாதிரி ஒரு எகிறு எகிறி ஆஃப் ஆனது. ஒரு பழம் தெறித்துப் பூசாரியின் முழங்காலில் பட்டது. முழுசாக!

"இன்னாங்க இது? ஒரு எலுமிச்சம்பழத்த நசுக்கத் தெரியல, இத எடுத்துக்கினு நான் மலைக்குப் போவணுமா?" என்று இறங்கிவிட்டாள். "வளைவுல பஸ்ஸுக்கு நிக்கணும், பின்னால போவாம கெளம்பணும். உங்க வேகம் யாருக்கு வேணும்? நான் ரூமே எடுத்துக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. நேரே போய் மெக்கானிக்கிடம் எகிறினேன். "நீங்கதானண்ணே ஆசப்பட்டீங்க" என்றார் அவர். அப்புறம் இருவரும் உட்கார்ந்து யோசித்து, சாதாரண பிளேட்டையே போட்டோம். அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் மட்டும் கொஞ்சம் கெட்டியானது. அது தாங்குகிற அளவுக்கு டர்போவின் பலத்தையும் குறைத்தோம். குறைக்கும்போது என் வயிறு எரிந்தது.

வேலையில் சேரும் நாளில், எதற்கும் இருக்கட்டும் என்று, அவள் துணிப்பெட்டியைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன். வழியில் மறுபடியும் பூஜை. நான்கு பழமும் சத்தமில்லாமல் நசுங்கின. தட்டில் மிச்சமிருந்த ஒன்றை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து பஸ் வந்ததால் காரை நிறுத்தினாள். நான் இறங்கிப் பின்சக்கரத்தை ஒட்டி, பின்பக்கம் அந்தப் பழத்தை வைத்தேன். "இத நசுக்காம கெளம்பு பார்க்கலாம்!"

பஸ் போனது. அவள் கிளச்சைப் பாதி விட்டாள். பிரேக்கையும் விட்டாள். அந்த மேட்டில், அவ்வளவு கனத்த வண்டி, அசையாமல் அப்படியே நின்றது. அந்தச் சின்ன வட்டமும் அவள் இடது பாதமும் சேர்ந்து அதைப் பிடித்து வைத்திருந்தன. பிறகு வண்டி முன்னால் நகர்ந்தது. பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

கொஞ்சம் மேலே போய் நிறுத்தினாள். ஓடிப் போய் ஏறப் பார்த்தேன். அவளோ பின்சீட்டுப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அடுத்த பஸ்ஸுல இத வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க" என்றாள். "சாயங்காலம் நான் வந்துடுவேன்."