வெட்டிப் போட்ட சாக்கெட்

டியூன் செய்த என் காருக்காக ஒரு மாதம் அலசி ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் வாங்கினேன். சைலன்சர் புகையைப் பார்த்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று அது மீட்டரில் காட்டும். கடியப்பட்டணத்தில் கடலோரமாகப் பட்டறை வைத்திருக்கும் என் பள்ளித்தோழன், வழக்கம்போல அதன் சாக்கெட்டை வெட்டிவிட்டு வயர்களை நேராகப் பற்றவைத்தான்.

"கடக்காத்துல சாக்கெட்டு பச்ச பிடிச்சிரும் மக்கா."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மூன்று நாள் மீட்டர் கண்டபடி உளறியது. பெட்ரோலைக் கூட்டினேன், குறைத்தேன், காரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நாலாம் நாள்தான் கையேட்டைப் படித்துத் தொலைத்தேன். மீட்டர் சரியாகக் காட்ட, அந்தச் சென்சாருக்கென்றே அளந்து வைத்த ரெசிஸ்டர் சாக்கெட்டுக்குள் இருக்கிறதாம்!

பட்டறைக்குப் போய்க் கத்தினேன். "ஏலே, அந்தச் சாக்கெட்ட எங்க போட்ட?"

"நானா? காலுல குத்துதுன்னு நீதானே மக்கா எடுத்துக் கடல்ல எறிஞ்ச?"