வெளுத்துப்போன குதிரைப்படை

பல்செட் செய்வது பிழைப்பு, பொம்மைச் சிப்பாய் சேர்ப்பது பைத்தியம். பல்செட்காரரை இப்படி இரண்டாகப் பிரித்து வைத்திருப்பது அவர் மனைவி. ஆள் மோசமில்லை. பட்டறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத யாரோ ஒருவருக்குக் கச்சிதமாகக் கடைவாய்ப் பல் இழைத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துவிடுவார். அப்புறம் வீடு இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

சிப்பாய்கள் பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, பிசிறு சீவி, கையையும் துப்பாக்கியையும் ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். ஆளே கட்டைவிரலின் முதல் கணு உயரம்தான், அதற்கு மீசை வேறு வைப்பார். கெட்டி பிளாஸ்டிக்காக இருந்தால்தான் தொடுவார். ரப்பர் மாதிரி வளைகிற பொம்மையை யாராவது நீட்டினால், "மண்புழு கையில ஈட்டிய குடுத்த மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இந்தப் பைத்தியத்துக்குக் கூட்டாளி மனைவியின் அண்ணன். உயரமான கட்டடங்களுக்கு நடுவே கிரேன் ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மேசையில் பச்சைத் துணி விரியும், தெர்மாகோல் குன்றுகள் முளைக்கும். அளவு நாடாவும் பகடையுமாக, இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு சண்டையை மச்சானும் மாப்பிள்ளையும் திரும்பப் போடுவார்கள். சரித்திரத்தில் நீலச்சட்டைக் குதிரைப்படை தோற்று ஓடியது. மச்சானுக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் படையை அவர்தான் நடத்துவார், முக்கால்வாசி நாள் ஜெயித்தும் விடுவார்.

போன வருஷம் மச்சானின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கிரேனை விட்டு இறங்கினார். கொஞ்ச நாளில் தூரிகையையும் கீழே வைத்துவிட்டார். "பகடை மட்டும் முன்னைக்கு இப்ப நல்லா உருளுது, மாப்ள" என்று சிரிப்பார். மற்றவர்களுக்குத்தான் சிரிப்பு வராது. தூரிகையை வைப்பதற்கு முன் அவர் கடைசியாகப் பூசி முடித்தது ஒரு புதிய நீலக் குதிரைப்படை. ஒவ்வொரு குதிரைக்கும் ஒவ்வொரு நிறம், ஒன்றுக்கு மட்டும் முன்னங்கால் வெள்ளை. அதைப் பெட்டியோடு கொண்டுவந்து பல்செட்காரர் மடியில் வைத்தார்.

"இனிமே என்னால ஒரு பொட்டுகூட வைக்க முடியாது. நீங்க வார்னிஷ் மட்டும் அடிச்சுக் குடுங்க."

அதைத்தான் மனுஷன் கெடுத்து வைத்தார். மழை பெய்து காற்றில் ஈரம் இருக்கும்போது வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. இந்தப் பைத்தியம் பிடித்த அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி. இவரே நாலு பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். ஆனால் விடிந்தால் ஞாயிறு, புதுப் படை களம் இறங்கியாக வேண்டும். துவைத்த துணி இரண்டு நாளாகக் காயாமல் தொங்கிய அதே பால்கனியில் நின்று, ஒன்றும் ஆகாது என்று அடித்துவிட்டார். உள்ளே போய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் படை முழுக்க வெளுத்துக் கிடந்தது. நீலச் சட்டை இல்லை, சிவப்புக் காலர் இல்லை, குதிரை நிறம் இல்லை. பட்டறையில் காயவைத்த பிளாஸ்டர் அச்சு போல வரிசையாக நின்றன.

ஈரத் துணியால் துடைத்தார், போகவில்லை. தின்னரை எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார். அது வர்ணத்தைக் கரைத்துவிட்டுப் பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். மறுபடி பூசலாம், மச்சானைவிடச் சுத்தமாகவே பூசுவார். ஆனால் அது மச்சான் கை இல்லையே.

"என்னங்க இது, மாவுல பொரட்டி வச்சிருக்கீங்க?" என்று மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உங்கண்ணன் படை."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பட்டறையில மறந்து வச்சிட்டேன்னு சொல்லிரட்டுமா?"

"பொய் சொன்னா உங்க காது செவந்து போயிடும். ஊருக்கே தெரியும். பேசாம நேர்ல காட்டுங்க."

மறுநாளும் மழை விடவில்லை. மச்சான் குடையை மடக்கிவிட்டு வந்து, பெட்டியைத் திறந்தார். மச்சான் நடுங்கும் விரலால் ஒரு குதிரைவீரனை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மழையில அடிச்சீங்களா?"

"ஆமா, மச்சான்."

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குற ஆளு." பெட்டியை மேசையில் வைத்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டார். "ஏம்மா, சமையல் எண்ணெய் ஒரு கிண்ணத்துல ஊத்திக் கொண்டா."

பல்செட்காரர் முழித்தார்.

"வர்ணம் எங்கயும் போகல, மாப்ள. வார்னிஷ்ல ஈரம் பூந்து மேல வெளுத்திருக்கு, அவ்வளவுதான். எண்ணெய் பட்டா தெளிஞ்சிரும். என்னோட பழைய பீரங்கிப்படை முழுசும் இப்படி ஆனதுதான். மானம் போயிடும்னு உங்ககிட்ட சொல்லல."

பல்செட்காரர் அவசரமாகத் தூரிகையை எண்ணெயில் தோய்த்தார். ராத்திரியெல்லாம் தூங்காத கை, ஒரு குதிரையைத் தட்டிக் கவிழ்த்தது.

"உங்க கை என் கையைவிட மோசமா ஆடுது. குடுங்க இப்படி" என்று மச்சான் தூரிகையை வாங்கிக்கொண்டார்.

அண்ணன் கையில் தூரிகையைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று. மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். எண்ணெய் தடவுவதற்குக் கோடு கிடையாது, எல்லை கிடையாது. கை எங்கே போனாலும் சரிதான். மச்சான் தடவத் தடவ வெளுப்பு கலைந்தது. முதலில் ஒரு நீலத் தோள் வந்தது, பிறகு சிவப்புக் காலர், பிறகு வெள்ளைக் கால் குதிரை. பல்செட்காரருக்கு அப்பாடா என்று இருந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. கண் கலங்கியதைக் காட்டிக்கொள்ளாமல் செய்தித்தாளைச் சரி செய்தார்.

அன்றைக்குச் சண்டை நடக்கவில்லை. பச்சைத் துணி மடித்தபடியே கிடந்தது. படை முழுவதையும் மச்சானே முடித்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. முடித்த பிறகும் தூரிகையைக் கீழே வைக்க மனம் வராமல் கிண்ணத்தின் விளிம்பில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"வேற ஏதாவது வெளுத்துப் போனது இருக்கா, மாப்ள?"

"இருக்கு, மச்சான். என்னோட செஞ்சட்டைக் காலாட்படை. உள்ள பெட்டியில கெடக்கு. அடுத்த வாரம் எடுத்து வைக்கிறேன்."

மனைவி அவர் காதைப் பார்த்தாள். இரண்டும் பழுத்த மிளகாய் போலச் சிவந்திருந்தன.

அண்ணனைப் படியிறக்கிவிட்டு அவள் திரும்பி வந்தபோது, பால்கனிக் கதவு திறந்திருந்தது. மழை சோவென்று கொட்டியது. தன் செஞ்சட்டைக்காரர்களைப் பலகையில் நிறுத்திவிட்டு, அவர் வார்னிஷ் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.