அம்மாவின் பாட்டைத் தேடிக் கரியாலூர் அருவிக்கு

அம்மாவுக்கு வருஷத் திதி கொடுத்த கையோடு, போன கார்த்திகையில் கிளம்பினேன். அறுபத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, தனியாக அருவி பார்க்கப் போன பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

அம்மா கல்யாணத்துக்கு முன் சினிமா நடிகை. ஆறு வருடம் குரூப் டான்ஸில் பின்வரிசை. கடைசியில் ஒரே ஒரு படத்தில் அவளுக்கென்று ஒரு பாட்டு கிடைத்தது. கரியாலூர் பக்கத்து அருவியில் மூன்று நாள் நனைந்து ஆடினாளாம். படம் சின்னசேலம் டெண்டு கொட்டகைக்கு வந்ததும், சினிமா என்றாலே முகம் சுளிக்கும் தாத்தாவை வண்டி கட்டி அழைத்துப் போனாள். படம் முடிந்தது, பாட்டு வரவேயில்லை. படக் கம்பெனி வெட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அதன்பின் அவள் சினிமாப் பக்கமே போகவில்லை.

அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கேயும் இல்லை. நான் கேட்காத இடமில்லை. அம்மா ஆடி நான் பார்த்ததேயில்லை. அவள் ஆடிய இடத்தையாவது பார்க்க ஆசை.

ரயிலில் வந்து விடியற்காலை சின்னசேலத்தில் இறங்கினேன். வாடகைக் கார், போக வர 2,400 ரூபாய். ஓட்டுநர் ஜாபர், என் வயதுக்காரர். கள்ளக்குறிச்சியில் இட்லி, காபி 70 ரூபாய். கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏற்றம். அருவி வரை மீட்டரில் 54 கிலோமீட்டர்.

தண்ணீர் நன்றாகவே கொட்டியது. அவள் எந்தப் பாறையில் நின்றாள் என்று சொல்லத்தான் ஆளில்லை. அழுகை வந்தது.

மலை இறங்கும்போதுதான் ஜாபர் கேட்டார், "இன்னாத்துக்கும்மா அழுவுறீங்க?" எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"அந்தக் கொட்டாயில எங்க அத்தாதாம்மா ஆப்பரேட்டரு. படம் நீளமா இருந்தா ஜனம் கடைசி பஸ்ஸ வுட்டுடும்னு ஒரு பாட்ட வெட்டி வச்சிக்குவாரு. பொட்டி அடுத்த ஊருக்குப் போவறப்ப ஒட்டி அனுப்பிடுவாரு. ஒண்ண மட்டும் ஒட்ட மறந்துட்டாரு. சாவற வரைக்கும் அதையே சொல்லிக்கினு இருந்தாரு. அந்தச் சுருளு இன்னும் எங்க வூட்லதான் கெடக்குது."

ஜாபரின் அப்பா மேல் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு பஸ்ஸுக்காகவா?

மதியம் 2.40க்கு அவர் வீட்டு வாசலில் பிஸ்கட் டின்னைத் திறந்தார். மூடியில் அம்மா ஆடிய அந்தப் படத்தின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே புளித்த வாடையோடு ஒரு சுருள். பெரும்பாலும் ஒட்டிப்போயிருந்தது, ஒரு முழம்தான் பிரிந்து வந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தேன். கட்டை விரல் அகலக் கட்டங்களில் அருவி. அருவிக்கு முன்னால் ஈரப் பின்னலோடு அம்மா. இருபது வயது. என்னைவிட எத்தனை சின்னவள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எட்த்துக்கினு போங்கம்மா. எங்க அத்தாவ மன்னிச்சிடுங்க" என்றார் ஜாபர். தலையை மட்டும் ஆட்டினேன்.

போக நினைப்பவர்களுக்கு: மழை விட்டதும் போங்கள். மலையில் சிக்னல் கம்மி, பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாறை வழுக்கும். முக்கியமாக, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று காரில் ஏறியதுமே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். நான் மலை ஏறி இறங்கும்வரை சொல்லவில்லை. அம்மா அன்றைக்குக் கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது, என் பாட்டு எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை.