இரண்டு பக்கத்துக்கும் ஸ்கோர் எழுதியவர்

சனிக்கிழமை காலை, சிட்னியில் பென்டில் ஹில் பக்கத்து பேஸ்பால் மைதானத்தில் நான் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது ரங்கராஜன் சேரின் மகள் அழைத்தாள். “அங்கிள், அப்பா போயிட்டாங்க. ஹார்ட்,” என்றாள். மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னாள், எனக்கு ஏறவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகைக்கு முன்னால் வந்தது பயம். இனி எனக்காக யார் வந்து கதைப்பார்?

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பிடிவாதமும் தெரிந்திருக்கும். மதுரைக்காரர். கணினி வேலைக்கு அமெரிக்கா போய், பேஸ்பால் பைத்தியம் பிடித்து, அந்தப் பைத்தியத்தோடேயே சிட்னிக்கு வந்து இறங்கியவர். எங்கள் கிளப்பில் ஸ்கோர் எழுதினார். நான் இலங்கையிலிருந்து படகில் வந்தவன், தற்காலிக விசாக்காரன், அங்கே புல் வெட்டுகிறவன்.

கிளப் அறையில் ஒரு பழைய கேடயம் தொங்கியது. இதே பெயரில் முன்பு இருந்து கலைந்துபோன அணி வென்றது. புது ஆட்கள் அதைத் தங்கள் வெற்றி என்று எழுதிவைத்தார்கள். சேர் கமிட்டியோடு மல்லுக்கு நின்றுவிட்டு வந்து என்னிடம் பொரிந்து தள்ளினார்.

“அமெரிக்காவுல ஒரு டீம் ஊரை விட்டே போயிடுச்சு கணேசன். அடுத்த சீசனே அதே ஊர்ல, அதே பேர்ல புது டீம். பழசு ஜெயிச்சதும் தோத்ததும் பழசோடதான போகணும்? பேர் ஒண்ணுங்கிறதுக்காக இவங்க தலையில கட்டலாமா?”

அன்றுதான் என் கதையை அவரிடம் சொன்னேன். நான் கணேசன், அப்பா சிவராசா. எங்கள் சனம் அப்பாவின் பெயரை முன்னுக்குப் போடும், பின்னுக்கும் போடும். வேறொரு படகில் கணேசனின் மகன் சிவராசா என்று ஒருவர் வந்திருந்தார். குடிவரவு அலுவலகக் கணினியில் இருவரும் ஒரே ஆளாகிவிட்டோம். அவருடைய அகதி மனுவின் நிராகரிப்பு என் கணக்கில் ஏறிவிட்டது. வாசலில் தெரியாத கார் நின்றாலே பின்கதவால் வெளியே போய்விடுவேன். வில்லாவுட் தடுப்பு முகாமுக்கு ஏற்றத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைப்பேன்.

சேர் சிரிக்கவில்லை. விசாரணைக்குத் துணையாக வந்தார். அதிகாரியிடம், “பேரை விடுங்க, ஆட்டக்காரனைப் பாருங்க” என்பதை அவர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாகச் சொன்னார்! என் அம்மாவின் பெயர், பிறந்த ஊர், வந்த படகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்கவைத்தார். என் விசா நீண்டது. வெளியே வந்து, “அந்த இன்னொருத்தர் எங்க இருக்காருன்னு தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த மனிதர் எங்காவது தொலையட்டும் என்றுதான் அப்போது எனக்கு இருந்தது.

சேரின் இறுதிக் கிரியை மண்டபத்தில் மெலிந்த ஒருவர் என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

“நீங்கள்தானே கணேசன் அண்ணை? நான் சிவராசா.”

நான் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அவர் தொடர்ந்தார்.

“சேர் என்னைத் தேடிப் பிடிச்சு, ஞாயிறுகளில வில்லாவுட்டுக்கு வருவார். போன மாதம்தான் வெளியில விட்டவை. அண்ணை, எனக்கு உங்களை நினைச்சாலே பயம். உங்கட வேலை, உங்கட விலாசம் எல்லாம் என்ர பேரிலயும் கிடக்குது. நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கினம்.”

“சேர் என்னட்டச் சொல்லவே இல்லையே,” என்றேன்.

“உங்களுக்கு என்னில பயமாம். அந்தப் பயம் போகட்டும், பிறகு சொல்லுறன் எண்டவர்.” தலையைக் குனிந்துகொண்டார். “வாற வியாழன் எனக்கு விசாரணை. சேர் வாறன் எண்டவர்.”

சேரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வியாழக்கிழமைதான். சிவராசாவும் நானும் ஒரே அதிகாரியின் முன்னால் உட்காரப்போகிறோம். எங்களை மறுபடி ஒன்றாக்கி, இருவரையுமே உள்ளே வைத்துக்கொண்டால்? ஆனாலும் வாறன் என்று சொல்லிவிட்டேன்.