பதிவில்லாதவர்களும் என் அப்பாவின் பாரமும்

நேற்றுக் காலையில் ரெஜி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரப் படம் அனுப்பியிருந்தான். கடற்கரைப் பக்கத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் 'பழைய கொழும்பின் கலகக் குரல்கள்' என்று ஓர் இசை மாலையாம். கறுப்புப் பின்னணி, சிவப்பு எழுத்து, கிழித்த காகிதம் மாதிரி ஓரங்கள். நடுவில் கொட்டை எழுத்தில் எங்கள் குழுவின் பெயர்: 'பதிவில்லாதவர்கள்'. அதற்குக் கீழே பொடி எழுத்தில், பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி என்று இருந்தது.

கூடவே குரல் செய்தி. "டேய், பாத்தியா? ஐசி நம்பர் குடுக்காட்டி உள்ளுக்க விடமாட்டாங்களாம். அப்ப நான் பாட மாட்டன் எண்டு இதை ஒழுங்கு பண்ணுற பிள்ளையிட்ட சொல்லிட்டன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'சூப்பர் அங்கிள், இதையே விளம்பரத்தில போடுவம்' எண்டுறா!"

ரெஜிக்கு அறுபது தாண்டிவிட்டது. முடி முழுவதும் போய்விட்டது, வயிறு வந்துவிட்டது, குரல் மட்டும் இன்னும் தகரத்தை இழுப்பது போல அப்படியே இருக்கிறது. தட்டுப்பாட்டுக் காலத்தில் பெற்றோல் வரிசையில் நின்றபோது வரிசையைப் பற்றியே பாட்டுக் கட்டிப் பாடி, முன்னால் நின்றவரையும் பின்னால் நின்றவரையும் சேர்ந்து பாட வைத்தவன். வாழ்க்கை முழுவதும் எத்தனையோ பேரோடு மல்லுக்கு நின்றவனை, ஒரு இருபத்தைந்து வயதுப் பிள்ளை 'சூப்பர்' என்ற ஒரே சொல்லில் கவிழ்த்துப் போட்டுவிட்டாள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

யுத்தக் காலத்துக் கொழும்பில் தமிழில் பங்க் ரொக் பாடினோம் என்று சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நியாயம்தான். நாங்கள் மூன்று பேர். ரெஜி கொட்டாஞ்சேனைக்காரன், கல்யாண வீடுகளில் சனம் ஆடுவதற்குப் பைலா பாட்டு வாசித்துப் பிழைத்தான், பைலாவை வெறுத்தான். நான் வெள்ளவத்தையில் அப்பா அம்மாவோடும் தங்கச்சியோடும் இருந்துகொண்டு, கொச்சிக்கடையில் ஒரு இறக்குமதிக் களஞ்சியத்தில் பில் எழுதினேன். மூன்றாவது செல்வம். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு சலூனில் முடி வெட்டினான். எனக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே சீப்பால் நாற்காலி முதுகில் தாளம் போட்டான். அந்தத் தாளம் தலைக்குள் இறங்கியது. 'இவன்தான் எங்கட ட்ரம்ஸ்' என்று அரைத் தலையோடு எழும்பி நின்றேன்.

எங்கள் சங்கீதக் கல்வி ஒரே ஒரு கசெட். லண்டனிலிருந்து ரெஜியின் மச்சான் அனுப்பியது. மேலே பெயர் இல்லை, ஊர் இல்லை. ரெஜியின் ரேடியோவில் பற்றரி இறங்கிக்கொண்டிருந்ததால் பாட்டுகள் எல்லாம் இழுபட்டு, உறுமலாக வந்தன. பங்க் என்றால் இப்படித்தான் உறும வேண்டும் என்று நினைத்து எட்டு மாதம் அப்படியே பழகினோம். புதுப் பற்றரி போட்ட அன்றைக்குத்தான், அந்த ஆட்கள் ஓட்டப் பந்தயத்தில் ஓடுவது போலப் பாடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதற்குள் உறுமல் எங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது, மாற்றவில்லை.

உடுப்பு விஷயத்தில்தான் பெரிய அவமானம். வெளிநாட்டில் கிளர்ச்சிக்காரப் பிள்ளைகள் தலையைக் கொம்பு மாதிரி நிறுத்தி, பெரிய சப்பாத்துப் போட்டு, பொலிஸ்காரரைப் பயப்படுத்துவார்களாம். நாங்கள் எந்தக் கொம்பும் இல்லாமலே பொலிஸ்காரர் பயப்படும் சாதியாக இருந்தோம். கறுப்புச் சட்டை போட்டால் கேள்வி. பூட்ஸ் போட்டால் நேரே வண்டியில் ஏற்றம். தலைமுடி அடையாள அட்டைப் படத்தில் இருப்பது போல இருக்க வேண்டும். ஆகவே உலகத்திலேயே எண்ணெய் வைத்துப் படிய வாரி, வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு, பையில் ஐசியோடு மேடையேறிய பங்க் குழு எங்களுடையதாகத்தான் இருக்கும். பார்த்தால் வங்கிப் பரீட்சைக்கு வந்த மூன்று பேர் என்று நினைப்பீர்கள்.

ரெஜி ஒருமுறை துணிந்து தன் ஜீன்ஸை முழங்காலில் கிழித்துக்கொண்டான். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால், அவனுடைய அம்மா அதே நிற நூலால் தெரியாதபடி தைத்து, மடிப்பு விழ அயனும் பண்ணி வைத்திருந்தார்.

"அம்மா, அது ஸ்டைல்!"

"ஸ்டைலோ? கிழிஞ்சதோட கோயில் வளவுக்க போனா, தைச்சுக் குடுக்க ஆளில்லாத பிள்ளை எண்டு சனம் நினைக்கும்."

பாட்டுப் பழகியதும் அந்த மாதா கோயில் வளவிலேதான். ஞாயிறு பின்னேரம் மறைக்கல்வி வகுப்பு முடிந்த பிறகு, ஹோலுக்குப் பின்னால் ஒரு அறை. ட்ரம்ஸ் கோயில் பாண்ட் குழுவுடையது. சாமியாருக்கு நாங்கள் மார்கழிக் கிறிஸ்மஸுக்கு நத்தார் கீதம் பழகுவதாக எண்ணம், ஆவணி மாதத்திலும். ஆறு மணிக்குள் முடித்துக்கொண்டு ஓட வேண்டும், சோதனைச் சாவடி வரிசை நீண்டுவிடும். கிட்டார் பெட்டியைக் கண்டால் சாவடியில் ஆமிக்காரர் ஒவ்வொரு முறையும் திறக்கச் சொல்வார்கள். ஒருநாள் ஒருவன், எங்கள் வயதுதான் இருக்கும், வாசித்துக் காட்டச் சொன்னான். உலகத்தை எதிர்க்க வாங்கிய கிட்டாரில், வெயிலில் நின்றபடி, அவன் கேட்ட பைலாவை முழுவதும் வாசித்தேன். "நியமாய்" என்று சிங்களத்தில் பாராட்டித் தோளில் தட்டி அனுப்பினான். என் முதல் மேடை அதுதான்.

பெயரைச் சொல்கிறேன். அந்த நாட்களில் தமிழர் வீடு ஒவ்வொன்றும் வீட்டில் இருப்பவர்களின் பெயரை எல்லாம் ஒரு பாரத்தில், அதாவது படிவத்தில், எழுதிப் பொலிசில் பதிய வேண்டும். பெயர், வயது, உறவு, ஐசி இலக்கம், வந்த நோக்கம். முத்திரை குத்திய பிரதி கதவுக்குப் பின்னால் தொங்கும். சுற்றிவளைப்பு வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பாரத்தில் இல்லாதவன் வண்டியில் ஏறுவான். ரெஜி அந்த நிரல்களையே பாட்டாக்கினான். "வந்த நோக்கம் என்ன?" என்று நானும் செல்வமும் கத்துவோம். "பிறந்தேன், வந்தேன்!" என்று ரெஜி உறுமுவான். குழுவுக்குப் 'பதிவில்லாதவர்கள்' என்று பெயர் வைத்தது நான். வைத்தபோது என் பெயர் எங்கள் வீட்டுப் பாரத்தில், அப்பா முதலில் பென்சிலால் எழுதி, பிறகு பேனையால் எழுதிய அழகான கையெழுத்தில், மூன்றாம் வரியில் இருந்தது.

எங்களில் உண்மையாகவே பதிவில்லாதவன் ஒருவன்தான். செல்வத்துக்கு ஐசியே கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அப்போது அப்படித்தான். தகப்பனுடைய பிரஜாவுரிமைக் கடதாசிகள் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் வருஷக் கணக்காகத் தூங்கும். சலூனின் பின்னறையில் படுப்பான். ஒரு ஞாயிறு, ரெஜி தேத்தண்ணி வாங்கப் போயிருந்த நேரம், செல்வம் ட்ரம்ஸ் குச்சியைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, மொதலாளி பாரத்துல என் பேரப் போட மாட்டேங்கிறாரு. ஐசி இல்லாத ஆளப் போட்டா அவருக்குப் பிரச்சினையாம். நீங்க அதே பொலிஸ் ஏரியாதானே. உங்க வீட்டுப் பாரத்துல போட்டுருங்களேன். ராவைக்கு விறாந்தையில ஒரு மூலையில படுத்துக்கிறேன்."

அப்பா அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். விதி தவறாதவர். வீட்டுக்குள் யாரும் உரத்துத் தும்மினால்கூட ஜன்னலைச் சாத்துகிறவர். அவரிடம் போய் இதைக் கேட்க எனக்குத் துணிவில்லை. பயம் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் கொள்கை பேசினேன்.

"செல்வம், நாங்கள் பதிவில்லாதவங்கள். பாரத்துக்கு எதிரா பாடிக்கொண்டு பாரம் நிரப்பலாமா? கொள்கை எண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

அவன் துடைத்த குச்சியையே மறுபடி துடைத்தான். "அப்ப சரிங்கண்ணே" என்றான். ரெஜி தேத்தண்ணியோடு வந்துவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிகிற நேரம் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவன் பாரத்தை வாங்கி, விரலால் எங்களை எண்ணினான். நாலு பெயர், நாலு பேர். "ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிப் போய்விட்டான். அப்பா பாரத்தை மறுபடி ஆணியில் கொழுவிவிட்டு முகம் கழுவப் போனார். எட்டு மணிக்குச் சலூன் முதலாளி, செல்வத்தைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தெருவில் நின்று சொன்னார். தன் பெயர் அடிபடக் கூடாது என்ற கவலைதான் அவர் குரலில் பெரிதாகக் கேட்டது. அவரைத் திட்டினேன். திட்டும்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மறுநாள் பின்னேரம் வெள்ளவத்தையில் ஒரு இளைஞர் மன்றத்தின் கலைவிழா. எங்கள் முதலும் கடைசியுமான பெரிய மேடை. நிறுத்திவிடுவோம் என்றேன். ரெஜி கேட்கவில்லை. ட்ரம்ஸைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். அடிக்க ஆள் இல்லை. நான் குனிந்த தலையோடு கிட்டாரைச் சுரண்ட, அவன் பாடினான். இருந்த நாற்பது பேரும் அடுத்து வரவிருந்த நடனத்துக்காகக் காத்திருந்த தாய்மார். உறுமலில் ஒரு சொல்லும் அவர்களுக்கு விளங்கியிருக்காது. பாட்டு முடிந்ததும் ரெஜி தெளிவாகப் பேசினான்: "இதில அடிக்க வேண்டிய பொடியன் இப்ப பொலிசில. பேர் செல்வம். உங்களில கனபேருக்கு முடி வெட்டினவன்." அதுவரை தூங்கிக்கொண்டிருந்த மன்றச் செயலாளர் பாய்ந்து வந்து மைக் வயரைப் பிடுங்கினார். கலகப் பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, சாதாரண ஒரு தகவலுக்குத்தான் எங்களைத் தடை செய்தார்கள்.

வெளியே வந்ததும் ரெஜி என் சட்டையைப் பிடித்தான். "உன்ர வீடுதான் கிட்ட. அப்பாவைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்கு வா. அரசாங்க உத்தியோகம் பாத்த ஆள், சிங்களமும் வடிவா கதைப்பார். ஒரு சொல் சொன்னா எடுபடும்."

"அப்பாவுக்கு பிரஷர் மச்சான்" என்றேன்.

அவன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். மேடையில் போட்ட அதே வெள்ளைச் சட்டை, கையில் சாமியாரின் கடிதம். ஒன்பது நாள், தினமும் காலையில் போய் வாசலில் நின்றார்கள். தோட்டத்திலிருந்து செல்வத்தின் தகப்பன் பிறப்புச் சான்றிதழோடு வந்து சேர்ந்தார். யாராவது பொறுப்பெடுத்துத் தங்கள் வீட்டில் பதிந்தால் விடலாம் என்றார்கள். ரெஜி கையெழுத்து வைத்தான். கொட்டாஞ்சேனை வீட்டுப் பாரத்தில் செல்வத்தின் பெயரை எழுதினார்கள். 'உறவு' என்ற நிரலில் என்ன எழுதுவது என்று ரெஜி முழித்தபோது, அவனுடைய அம்மா, "மகன் எண்டு எழுது. அவங்கள் என்ன, வந்து பாக்கவா போறாங்கள்?" என்றாராம். வந்து பார்த்தார்கள், மூன்று தரம். மூன்று தரமும் மகன் என்றே சொன்னார்.

எனக்கு வெட்கம். வெட்கம் வந்தால் எனக்கு நக்கல் வரும். ரெஜியைக் கண்டதும், "என்ன மச்சான், பாரத்தில கையெழுத்து வச்சிட்டியாம்?" என்றேன்.

"ஓம், வச்சன்" என்றான். "உன்ர பேர் எத்தினையாம் வரியில கிடக்கு?"

அதற்குப் பிறகு நான் பழகப் போகவில்லை. அவர்கள் இரண்டு பேரும் விடவில்லை. செல்வத்துக்கு ஐசி எடுக்க ரெஜி நான்கு வருஷம் கந்தோர் கந்தோராக அலைந்து, எல்லா மேசையிலும் சண்டை பிடித்தான். எடுத்தும் கொடுத்தான். அன்றிலிருந்து கொட்டாஞ்சேனையில் யாருக்குக் கடதாசிச் சிக்கல் என்றாலும் அவனைத்தான் தேடுகிறார்கள். செல்வம் இப்போது ஹட்டனில் சொந்தச் சலூன் வைத்திருக்கிறான். வாசிக்க வேண்டும் என்றால் பஸ் ஏறி வந்துவிடுவான். நான் அன்றைக்குச் சொன்ன கொள்கையை அவன் இன்றுவரை ரெஜிக்குச் சொல்லவில்லை.

அந்தக் கலைவிழா ஹோல் இப்போது மாடி மாடியாகக் கார் நிறுத்தும் இடம். சாவடிகள் இருந்த இடங்களில் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். வெள்ளவத்தைச் சலூன் போய்விட்டது, ஜீன்ஸைத் தைத்துக் கொடுத்த ரெஜியின் அம்மா போய்விட்டார், கதவுக்குப் பின்னால் தொங்கிய பாரம் எப்படி இருக்கும் என்று கேட்டால் என் மகளுக்குத் தெரியாது. அப்பாவும் போய்விட்டார். யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குப் பிறகு, ஒரு காலைச் சாப்பாட்டின்போது, ஏனோ அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். செல்வம் கேட்டதை, நான் அவரிடம் கேட்காமல் விட்டதை.

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எனக்கு மாசாமாசம் முடி வெட்டின பொடியன்தானே? கேட்டிருந்தா எழுதியிருப்பன்" என்றார்.

அவருடைய பயந்த குணத்தைக் கேலி செய்து அந்தக் குழுவுக்கு நான் மூன்று பாட்டு எழுதிக் கொடுத்திருந்தேன்.